அட்டைக்கும் அடிக்குறிப்புக்கும் இடையில்

ஒரு புலமை நூலைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் இயலிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறோம். தலைப்புப் பக்கம், நன்றியுரை, பதிப்புரை, அடிக்குறிப்பு, பெயரடைவு எல்லாம் நூலின் திண்ணையும் தாழ்வாரமும். ஆய்வு நடப்பது உள்ளே என்று நினைத்துக்கொள்கிறோம். பெண்களாகிய நமக்கு இந்த வாசிப்பு போதாது. அறிவுலகம் பெண்களை நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்தது அந்தத் தாழ்வாரத்தில்தான். யார் உள்ளே அழைக்கப்பட்டார், யார் வாசலோடு நின்றார், யாருடைய பெயர் துடைக்கப்பட்டது என்பதற்கான தடயங்கள் அங்கேதான் கிடைக்கின்றன.

இதை உரிமைப் பிரச்சினையாக மட்டும் பேசிவிட்டுப் போகலாம். உழைத்தவளுக்குப் பெயர் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். இந்தக் கட்டுரை அதற்கு மேலும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறது. பெண்ணை நீக்கும்போது நூலும் பழுதாகிறது. வரலாறு, தத்துவம், சட்டம், அறிவியல் என்ற நான்கு அலமாரிகளிலிருந்தும் சில நூல்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் நன்றியுரை. ஆங்கிலத்தில் வெளியான பழைய ஆய்வு நூல்களின் முன்னுரைகள் பலவற்றில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: கைப்பிரதியைப் பொறுமையுடன் தட்டச்சு செய்த என் மனைவிக்கு நன்றி. பல இடங்களில் அந்த மனைவிக்குப் பெயர்கூடக் கிடையாது. தட்டச்சு என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஆவணக் காப்பகத்தில் குறிப்பெடுத்தது, பிறமொழி மூலங்களை மொழிபெயர்த்தது, மெய்ப்புப் பார்த்தது, பெயரடைவு தயாரித்தது என்று என்னென்னவோ அடங்கியிருக்கும். 2017-இல் இத்தகைய நன்றியுரைகளை ஆய்வாளர்கள் தேடித் திரட்டிப் பொதுவெளியில் வைத்தபோது, தனித்தனியே பார்த்தால் கனிவாகத் தெரிந்த வாக்கியங்கள், அடுக்கி வைத்தபோது ஓர் உழைப்பு முறையாகத் தெரிந்தன.

அந்த முறையிலிருந்து ஒரு பெண் வெளியே வர எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு வில் டூரண்ட், ஏரியல் டூரண்ட் இணையர் ஓர் அளவுகோல். உலக நாகரிகங்களின் வரலாற்றை 11 தொகுதிகளாக அவர்கள் எழுதினார்கள். முதல் தொகுதி 1935-இல் வந்தது. ஏரியலின் பெயர் அட்டையில் இடம்பெற்றது 1961-இல் வந்த ஏழாம் தொகுதியில். அவர் அந்த ஆண்டுதான் வேலையில் சேர்ந்தார் என்று யாரும் நம்பவில்லை. 1968-இல் பத்தாம் தொகுதிக்குக் கிடைத்த புலிட்சர் விருதை இருவரும் சேர்ந்தே பெற்றார்கள். தட்டச்சு செய்தவளிலிருந்து இணை ஆசிரியராவதற்கு இடையில் கால் நூற்றாண்டும் ஆறு பெரிய தொகுதிகளும் கடந்துபோயின. கணவர் நல்லவராக, நன்றி மறவாதவராக இருந்த வீட்டின் கணக்கு இது.

அட்டையில் பெயர் இல்லாமல் போவது ஒரு வகை. மூலநூலிலேயே இருந்த பெயரைப் பதிப்பாளர் எடுத்துவிடுவது இன்னொரு வகை. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய காவியம் 'ராதிகா சாந்த்வனமு'. நூலின் தொடக்கத்தில் அவர் தன் மரபைச் சொல்கிறார். பாட்டி தஞ்சநாயகியைப் போற்றுகிறார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நூல் அச்சேறியபோது அந்த முன்பகுதி விடுபட்டிருந்தது. சில செய்யுள்களும் இல்லை. ஏட்டுப் பிரதியோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடித்தவர் சென்னையில் வாழ்ந்த இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள். விடுபட்டவற்றைச் சேர்த்து 1910-இல் அவர் முழுப் பதிப்பை வெளியிட்டார்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். சமூகச் சீர்திருத்தவாதி என்று கொண்டாடப்பட்ட கந்துகூரி வீரேசலிங்கம், பெண் வாயில் வரக்கூடாத சொற்கள் இதில் இருக்கின்றன என்று முகம் சுளித்தார். ஆண் புலவர்கள் எழுதினால் சிருங்காரம், பெண் எழுதினால் ஆபாசமா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தடை நீங்கியது.

இந்தக் கதையை நாம் பெரும்பாலும் தணிக்கையின் கதையாகவே சொல்லி வருகிறோம். பதிப்பின் கதையாகவும் இதைப் படிக்க வேண்டும். தடை விதித்த அரசாங்கத்தின் கை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. முன்பகுதியை விட்டுவிட்ட பதிப்பாளரின் கை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்தப் பகுதி போனதும் முத்துப்பழனி, பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த ஒரு கலைமரபின் தொடர்ச்சியாகத் தெரியாமல், எங்கிருந்தோ முளைத்த விநோதமாகிப் போனார். அப்புறம் பெண்களுக்கு இலக்கிய மரபே இல்லை என்று இலக்கிய வரலாறு எழுதுவது எளிது. நாகரத்தினம்மாளை நாம் பாடகராகவும் திருவையாற்றில் தியாகராசர் சமாதியைக் காத்தவராகவும் நினைவு வைத்திருக்கிறோம். பாடபேதம் பார்த்த பதிப்பாசிரியராக அவரை எத்தனை பாடத்திட்டங்கள் சொல்லித் தருகின்றன?

தத்துவ அலமாரிக்கு வருவோம். சிமோன் தி போவுவாரின் 'இரண்டாம் பாலினம்' 1949-இல் பிரெஞ்சில் இரண்டு தொகுதிகளாக வந்தது. 1953-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஹோவர்ட் பார்ஷ்லி. அவர் விலங்கியல் பேராசிரியர். நூலை மதித்தவர், உழைத்தவர்; நூலைச் சுருக்கச் சொல்லிப் பதிப்பகம் நெருக்கியதும் உண்மை. ஆனால் எதைச் சுருக்கினார் என்று பார்க்க வேண்டும். மார்கரெட் சைமன்ஸ் என்ற தத்துவ ஆய்வாளர் 1983-இல் இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இதை வெளிக்கொண்டு வந்தது. வரலாற்றுப் பகுதியில் பெண்களின் பெயர்கள் வரிசையாகக் காணாமல் போயிருந்தன. திருமணம் பற்றிய இயலில், பெண்கள் தம் வாழ்வைக் குறித்து எழுதிய சான்றுகள் வெட்டப்பட்டிருந்தன. சான்றுகள் போய் முடிவுகள் மட்டும் எஞ்சின. ஆதாரம் இல்லாமல் கோபப்படும் எழுத்தாளர் என்று பிறகு அவரைக் குறைகூற அதுவே வசதியானது.

இன்னும் ஆழமான காயம் கலைச்சொற்களில் பட்டது. மனிதருக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட இயல்பு என்று ஒன்றில்லை, தன் செயல்களால் ஒருவர் தன்னை ஆக்கிக்கொள்கிறார் என்பது இருத்தலியத்தின் அடித்தளம். மனித இருப்பைக் குறிக்க போவுவார் பயன்படுத்திய தத்துவச் சொல்லை, மனிதனின் உண்மையான இயல்பு என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் பெயர்த்தார் பார்ஷ்லி. எந்தக் கருத்தை மறுக்க நூல் எழுதப்பட்டதோ, அதே கருத்து ஆசிரியரின் வாயில் திணிக்கப்பட்டது. ஆங்கிலம் வழியே வாசித்த பல தலைமுறையினருக்கு, நம் ஊர் வாசகிகள் உட்பட, கிடைத்தது இந்த நூல்தான். போவுவார் தத்துவவாதி இல்லை, சார்த்தரின் கருத்துகளைப் பெண்கள் மேல் பொருத்திப் பார்த்தவர் என்று சொன்னவர்கள் பலர் இந்தப் பிரதியை வைத்துத்தான் சொன்னார்கள். முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2009-இல் வந்தது. முதல் பதிப்புக்கும் அதற்கும் இடையே 60 ஆண்டுகள். அந்த 60 ஆண்டுகளும் நூல் அச்சில் இருந்தது, புகழோடு இருந்தது, சிதைந்தும் இருந்தது. ஒரு பெண்ணின் நூலை மறைக்க அதைத் தடைசெய்ய வேண்டிய அவசியமில்லை.

சட்ட நூல்களில் விளைவு உயிரையே தொடுகிறது. இந்தியாவில் மருத்துவ மாணவர்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் தலைமுறை தலைமுறையாகப் படித்த சட்ட மருத்துவ நூல்கள் காலனியக் காலத்தில் வேர்கொண்டவை. ஜெய்சிங் மோடியின் நூல் 1920-இல் முதலில் வந்தது. அவருக்குப் பின்னும் பிறர் திருத்தப் பதிப்பு மேல் பதிப்பாக வாழ்கிறது. இந்த மரபில் பெண் உடல் என்பது பொய் சொல்லக்கூடியவளிடமிருந்து உண்மையைப் பிடுங்கும் இடம். கன்னித்திரை எப்படி இருக்கிறது, எத்தனை விரல் நுழைகிறது, உடம்பில் காயம் உண்டா என்பவை அறிவியலாயின. அவள் என்ன சொல்கிறாள் என்பது வெறும் பேச்சாயிற்று.

1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளான பழங்குடிச் சிறுமியின் வழக்கில் இந்த அறிவு வேலை செய்ததைக் காணலாம். மருத்துவ அறிக்கையில் விரல் கணக்கு இருந்தது. அமர்வு நீதிமன்றம் அவளை உடலுறவுக்குப் பழகியவள் என்றது. உயர்நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம், உடலில் காயங்கள் இல்லாததையும் ஒரு காரணமாக்கி அவர்களை விடுவித்தது. 1979-இல் உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்று கேட்டார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டம் திருந்திய பிறகும் பாடநூல் திருந்தவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இருவிரல் சோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013-இல். அதே நீதிமன்றம் 2022-இல், இச்சோதனையைச் செய்பவர் தொழில் ஒழுங்கை மீறியவராகக் கருதப்படுவார் என்று மறுபடி சொல்ல நேர்ந்தது. மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தைச் சீராய்வு செய்யவும் உத்தரவிட்டது. திருத்தத்திற்கும் இந்த உத்தரவுக்கும் இடையே ஏறக்குறைய 40 ஆண்டுகள். ஆணையை ஒரு நாளில் பிறப்பிக்கலாம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்பட்டது விரலிலேயே தங்கிவிடுகிறது. பிரதிக்ஷா பக்ஷி 2014-இல் வெளியிட்ட, இந்தியாவின் பாலியல் வன்புணர்வு விசாரணைகள் பற்றிய நூல் இங்குதான் முக்கியமாகிறது. தீர்ப்புகளை மட்டும் படிக்காமல் அகமதாபாத்தில் விசாரணை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதியவர் அவர். அறிவு எங்கே உற்பத்தியாகிறதோ அங்கே போய்ப் பார்த்த நூல் அது.

அறிவியல் அலமாரியில் சற்று ஆறுதல் இருக்கிறது. 1945-இல் லண்டனில் வெளிவந்த, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த நூலின் அட்டையில் இரண்டு பெயர்கள்: சி. டி. டார்லிங்டன், இ. கே. ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் படித்து, கல்லூரி ஆசிரியையாக இருந்து, மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர் அவர். நன்றியுரைக்குத் தள்ளப்படாமல் அட்டையில் நின்றார். ஆனாலும் மேலைநாட்டு நூற்பட்டியல் முறை அவர் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சில இடங்களில் அவரை வெறும் 'அம்மாள்' ஆக்கியது. நமக்கு எந்தப் பெண்ணின் பெயருக்குப் பின்னும் வரும் மரியாதைச் சொல் அது. நூலின் அடுத்த வடிவம் 1955-இல் வேறு பெயரில் வந்தபோது டார்லிங்டனுடன் இருந்த பெயர் ஏ. பி. வைலி. அந்த முதலெழுத்துகளுக்குப் பின்னாலும் ஒரு பெண் இருந்தார். ஆன் வைலி என்ற தாவரவியலாளர். முதலெழுத்து பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டது, அவள் பெண் என்பதையும் மறைத்துவிட்டது.

ஆக, பெயர்களைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததா? இந்தக் கேள்வியைப் பெண்ணிய நூல்களை நோக்கியும் கேட்க வேண்டும். மேலே சொன்ன பழங்குடிச் சிறுமியின் வழக்கு சட்ட அறிக்கைகளில் குற்றம் சாட்டப்பட்ட காவலர் துக்காராமின் பெயரிலும் மகாராஷ்டிர அரசின் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. இயக்கம் அதை அவள் பெயரால் அழைத்தது. அந்தப் பெயர் எத்தனையோ ஆய்வேடுகளில் வருகிறது, இயல்களுக்குத் தலைப்பாகிறது. அவள் அதன் பிறகு எப்படி வாழ்ந்தாள் என்று கேட்ட பக்கங்கள் மிகக் குறைவு. நமது நூல்களிலும் ஒரு தாழ்வாரம் இருக்கிறது. வாக்குமூலம் தருபவள் ஒருத்தி, அதை வைத்துக் கோட்பாடு எழுதுபவள் இன்னொருத்தி. சாதியும் வர்க்கமும் யாரைத் தகவலாளி என்றும் யாரை ஆசிரியர் என்றும் பிரித்து வைக்கின்றன. கள ஆய்வில் சோறு போட்டவள், வழிகாட்டிக் கூட்டிப் போனவள், ஊர்ப் பேச்சைப் புரியவைத்தவள் ஆகியோரின் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் "மற்றும் பலர்" ஆகிவிடுகிறது.

'இது என் பாடத்துக்கு வெளியே' என்று மாணவி ஒருத்தி நினைக்கலாம். அப்படித் தோன்றினால் அடுத்து எடுக்கும் நூலில் இவற்றைப் பாருங்கள். நன்றியுரையில் எந்தெந்த உழைப்பு உதவி என்ற பெயரில் வருகிறது? இது மொழிபெயர்ப்பா, சுருக்கமா. சுருக்கம் என்றால் எது போயிற்று, யார் முடிவு? முந்தைய பதிப்பிலிருந்து எந்த வாக்கியம் கேள்வியின்றிக் கடத்தப்பட்டிருக்கிறது? பெயரடைவில் பெண்கள் ஆய்வாளர்களாக வருகிறார்களா, ஆய்வுப் பொருளாக வருகிறார்களா? பிறகு உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இதே கேள்விகளோடு எழுதுங்கள். நாகரத்தினம்மாள் செய்தது இதுதான். கையில் இருந்த அச்சுப் பிரதியை நம்பி நின்றுவிடாமல் ஏட்டைத் தேடிப் போனார். விடுபட்ட பக்கங்களில் ஒரு பாட்டியின் பெயர் இருந்தது.