றொஜர் அக்றொயிட் கொலையும் வாசகர் சினமும்

அகதா கிறிஸ்ரி 1926இல் வெளியிட்ட ‘றொஜர் அக்றொயிட் கொலை’ என்னும் துப்பறியும் நாவலின் முடிவு வாசகரை இரு பாலாராக்கியது. கதை கூறும் வைத்தியர் ஷெப்பேட்டே கொலைஞர் எனக் கண்டோருட் சிலர், ஆசிரியர் வஞ்சித்தார் எனச் சினந்தனர். எவரையும் ஐயுறுதல் வாசகர் கடன் என்றார் டொறதி சேயர்ஸ்.

அவர் கூற்றே பொருத்தமானது. கடிதங்கள் வந்தது 8.40 மணிக்கு, வைத்தியர் அறையை நீங்கியது 8.50 மணிக்கு. இடைப்பட்ட பத்து நிமிடங்களை அவர் மறைத்தாரேயன்றி, அவ்விடத்துப் பொய்யுரைத்திலர். ஊரார் இரகசியம் பேணும் வைத்தியர்பால் இயல்பாக எழும் நம்பிக்கையே வாசகர் கண்ணை மறைத்தது.

இவ்வழக்கில் மூழ்கினோர் கரோலைனை மறந்துவிடுகின்றனர். வீட்டிலிருந்தவாறே ஊர்ச் செய்தியெல்லாம் திரட்டும் இத்தமக்கையை வெறும் வம்புக்காரியெனக் கொள்ளுதல் தவறு. (மிஸ் மார்ப்பிள் என்னும் பாத்திரம் இவளிடமிருந்து பிறந்திருக்கலாம் என ஆசிரியரே எழுதியுள்ளார்.) அனைவரையும் துருவி ஆராய்பவள், ஒரே கூரையின்கீழ் வாழும் தம்பியின் குற்றத்தை மட்டும் அறியாள். பொய்றோ வைத்தியரை உடனே பொலிசாரிடம் ஒப்புவியாது, தாமே உயிர்நீக்க ஓரிரவு அவகாசமளிப்பதும் அவள்பொருட்டே. அக்கருணை அவளுக்கு அளிப்பது யாது? தம்பியை இழப்பாள், இழந்த காரணத்தை, ஊர்முழுதும் விசாரித்தாலும், அறியாள்.