பழசாக்கினால் பீர் நல்லதாகுமா? அம்பத்தூரிலிருந்து ஒரு குறிப்பு

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு ஃப்ரிட்ஜ். ஒன்று சமையலறையில், மாவு, பால், கீரைக்கு. இன்னொன்று ஹாலை ஒட்டின சின்ன ரூமில், செகண்ட் ஹேண்டில் வாங்கினது. அதில் பீர் மட்டும்தான். குடிக்கிறதுக்கு இல்லை, வைக்கிறதுக்கு. ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு துண்டு டேப், அதில் மார்க்கரில் வாங்கின தேதி. எட்டு வருஷமா இதைச் செய்கிறார். கூடவே ஒரு நீள நோட்டு: எந்த பாட்டில், எப்போ வந்தது, எப்போ திறந்தது, எப்படி இருந்தது.

போன மாசம் எனக்காக மூணு பாட்டில் திறந்தார். "இதைப் பத்தி எழுதுங்க சார்" என்றார். நல்லா இல்லேன்னா என்று இழுத்தேன். "என்ன தோணுதோ அதையே எழுதுங்க." அந்த தைரியத்தில் எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார் என்பதும் தெரியும்.

பீரைப் பழுக்க வைக்கிற பழக்கம் அவர் கண்டுபிடிச்சது இல்லை. இங்கிலாந்தில் டோர்செஸ்டர் ஊரில் எல்ட்ரிஜ் போப் என்ற ஆலை, நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி இறந்து நாற்பது வருஷம் ஆனதை ஒட்டி 1968-ல் ஒரு பீர் போட்டது. ஏறக்குறைய 12 சதவீதம் ஆல்கஹால். 25 வருஷம் வைத்தாலும் மேம்படும் என்று சொல்லியே விற்றார்கள். லண்டனில் ஃபுல்லர்ஸ் 1997-லிருந்து வருஷத்துக்கு ஒன்று என்று 'விண்டேஜ் ஏல்' விட்டது. அமெரிக்காவில் இது தனி மோகமாகவே ஆனது. பாட்டிலுக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்பது, மாற்றிக்கொள்வது, ஒரே பீரின் நாலைந்து வருஷத்துச் சரக்கை வரிசையாக வைத்து ஒரே நாளில் ருசி பார்ப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை. நண்பர் இந்தப் பழக்கத்தை இணையத்தில் படித்து, அப்படியே அம்பத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

என் விமர்சனம் அந்த 'அப்படியே' மேலதான்.

எந்தப் பொருளும் சும்மா வைத்தால் பழுக்காது, கெடும். வைத்தால் நல்லதாகிற பொருளுக்குள்ளே அதைக் காப்பாற்ற ஏதோ ஒன்று இருக்கணும். எங்க பாட்டி வைத்திருந்த நாரத்தங்காய் ஊறுகாய் பத்து வருஷத்தில் கறுப்பாகி, மருந்து மாதிரி ஆகிவிட்டது. அதைக் காப்பாற்றினது உப்பும் புளிப்பும். தசமூலாரிஷ்டத்தைக் காப்பாற்றுவது புளித்து அதிலேயே உண்டாகிற ஆல்கஹால். பீருக்குக் காவல் என்று பார்த்தால் நாலு விஷயம்: கூடுதல் ஆல்கஹால், நிறைய ஹாப்ஸ், புளிப்பு, பாட்டிலுக்குள் உயிரோடு இருக்கிற ஈஸ்ட். இந்தக் கடைசி ஆளை நம்ம பக்கம் யாரும் கண்டுகொள்வதில்லை. மூடிக்குள் மாட்டிக்கொண்ட ஆக்சிஜனை அதுதான் தின்று தீர்க்கும். ஈஸ்ட் இல்லாவிட்டால் அந்த ஆக்சிஜன் பீரைத் தின்னும்.

நண்பருடைய சேகரிப்பில் முக்கால்வாசி இங்கே வாங்கின பாட்டில். நம்ம ஊர் பீர் எது என்று பார்த்தால், வளசரவாக்கத்து மோகன் புரூவரீஸ் பழைய கதை. பூந்தமல்லி தாண்டி திருவள்ளூர் ரோட்டில் அரண்வாயலில் யுனைடெட் புரூவரீஸ் ஆலை. பெங்களூர், புதுச்சேரி மாதிரி இங்கே சின்ன புரூவரிகள் கிடையாது. அங்கேயும் அந்த பீர் குழாயிலிருந்து கிளாசுக்கு வருவது. அன்னன்னைக்குக் குடிக்கத்தான் காய்ச்சுகிறார்கள். டாஸ்மாக்கில் கிடைக்கிற லாகர் வடிகட்டி, சூடுபடுத்தி, ஈஸ்ட் செத்த பிறகு வருவது. ஆறு மாசத்துக்குள் குடி என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். நண்பர் அந்த வரியைக் கம்பெனிக்காரன் பயம் என்கிறார். எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது.

"ஸ்ட்ராங் பீரில்தான் 8 சதவீதம் வருதே, வைக்கிற பீருக்கு 8 போதும்னு எல்லாரும் எழுதறாங்களே" என்றார். இங்கேதான் சறுக்கல். அந்த 8 சதவீத விதி மால்ட் கனமாகப் போட்டுக் காய்ச்சின ஏல்களைப் பார்த்து வந்தது. மால்ட் நிறைய இருந்தால் வருஷம் ஏற ஏற உலர்திராட்சை, கருப்பட்டி, ஷெர்ரி மாதிரி வாசனைகள் எழும். நம்ம ஸ்ட்ராங் பீர் போதைக்காக அரிசி, சோளம், சர்க்கரை சேர்த்து ஏற்றினது. எண் அதேதான், உள்ளே முதிர்வதற்குச் சரக்கு இல்லை.

அப்புறம் வெயில். பீர்க்காரர்கள் மத்தியில் 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு: 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்தால் வருகிற பழசுத்தனம், 22 டிகிரியில் 30 நாளிலும், 3 டிகிரியில் 300 நாளிலும் வரும். தோராயக் கணக்குதான். ஆனாலும் மே மாசம் அம்பத்தூரில் நாற்பதைத் தொடுகிற வெயிலில் இதை வைத்துப் பாருங்கள். ஆலையிலிருந்து லாரி, லாரியிலிருந்து குடோன், குடோனிலிருந்து கடை. நண்பர் ஃப்ரிட்ஜுக்கு வருகிறபோதே அது வயசான பாட்டில். அவர் டேப்பில் எழுதுகிற தேதி பிறந்த தேதி இல்லை, தத்தெடுத்த தேதி.

திறந்த மூணில் முதல் இரண்டும் உள்ளூர் லாகர், ஒன்று ஐந்து வருஷம், இன்னொன்று மூன்று. பிராண்டு பேர் வேண்டாம். ஆறு மாசத்தில் குடிக்கச் சொன்னவர்கள் மேல் தப்பு இல்லை. இரண்டிலும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. டிரான்ஸ்-2-நோனனல் என்ற பொருளை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு "தேன் வாசனை வருது பாருங்க" என்றார். வந்தது, பொய் சொல்லக் கூடாது. அட்டைப்பெட்டிக்குள் தேன்.

மூணாவது ஆர்வால். பெல்ஜியத்துத் துறவிமடத்து பீர். மச்சான் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தது, நாலு வருஷமாக அதே ஃப்ரிட்ஜில். 6.2 சதவீதம்தான், நம்ம ஸ்ட்ராங்கை விடக் குறைவு. ஆனால் பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்த்து விடுகிறார்கள். அது உள்ளே மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். திறந்ததும் நுரை பொங்கியது. தோல், வைக்கோல், லேசாக எலுமிச்சைத் தோல். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வைப்பது என்றால் என்ன என்று அந்த ஒரு கிளாஸ் சொல்லிவிட்டது. மற்ற இரண்டும் ஏன் தோற்றன என்பதையும்.

சட்டமும் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒத்துவரவில்லை. தமிழ்நாட்டில் ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடிய பீர் 7.8 லிட்டர். 650 மில்லி பாட்டில் கணக்கில் சரியாக 12. ஒரே பீரை வருஷத்துக்கு மூணு என்று நாலு வருஷம் சேர்த்தால் கோட்டா முடிந்தது. ஒருவகையில் இது நல்லதுதான். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் அடுக்கிவிட்டுக் குடிக்க நாள் பார்க்கிறவர்கள் பாட்டை நினைத்தால். அங்கேயும் எல்லாம் சுகம் இல்லை. சிகாகோவின் கூஸ் ஐலேண்ட் 2015-ல் விட்ட போர்பன் கவுண்டி வகைகள் சிலவற்றில் பாக்டீரியா புகுந்து புளித்துப்போக, 2016-ல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருஷத்திலிருந்து பாஸ்டரைஸ் செய்யவும் ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்கில் வைக்கலாம் என்று நம்பி வாங்கினவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்.

திருமுருகாற்றுப்படையிலேயே மூங்கில் குழாயில் நாள்பட விளைந்த தேன்கள் வருகிறது. அங்கே குன்றவர் அதைச் சுற்றத்தோடு உட்கார்ந்து குடிக்கிறார்கள். நண்பர் ஃப்ரிட்ஜில் எனக்கு உறுத்தினது இதுதான். எட்டு வருஷத்தில் அவர் திறந்தது ஒன்பது பாட்டில், அதில் ஆறு தனியாக. நோட்டைப் புரட்டினபோது தெரிந்தது.

ஆனால் அந்த நோட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் தெருவில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதை மனசில் வைத்திருந்து, பின்னால் சேகரிப்பு ஆரம்பித்தபோது முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் ஒவ்வொரு பவர்கட்டும் மணிக்கணக்கோடு இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் வைத்து வாரம் ஒருமுறை குறிப்பு. சென்னை வெயிலில் சாதாரண லாகர் எப்படிக் கெடுகிறது என்பதற்கு இவ்வளவு பொறுமையான பதிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் அதை ருசி ஏறின கதையாக எழுதியிருக்கிறார். நான் இறங்கின கதையாகப் படித்தேன். தகவல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதைப் போனில் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம், "மீதி ஆறு பாட்டிலை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். கீழே ஊற்றிவிட்டு காலி பாட்டிலைக் கடையில் கொடுங்க, பத்து ரூபாய் திருப்பிக் கொடுக்கிறாங்களே என்றேன். பாட்டிலை எடுத்துப் பார்த்திருப்பார் போல.

"இதுல அந்த ஸ்டிக்கர் இல்ல சார். அந்தத் திட்டம் வர்றதுக்கு முன்னாடி வாங்கினது."