‘பரதேசி’யில் காணாமற்போன டாக்டர்

நாவலைப் படமாக்குவோர் கதையில் சில குறைப்பதும் சில கூட்டுவதும் இயல்பே. அதன்பொருட்டு அவர்மேல் வழக்காட நாம் முற்படவில்லை. ஆயினும் எதைக் குறைத்தார், எதைக் கூட்டினார் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. கதை தோட்டத் தொழிலாளரைப் பற்றியதாயின் அவ்வுரிமை இரட்டிப்பாகிறது.

ஆனைமலைத் தோட்டங்களில் பல்லாண்டு மருத்துவராயிருந்த பி.எச். டேனியல், 1969-ல் ‘ரெட் டீ’ என்னும் நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். அதைத் தழுவி டைரக்டர் பாலா 2013-ல் வெளியிட்ட படமே ‘பரதேசி’.

நாவலில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாய், மேஸ்திரியின் வாக்கை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறுகின்றனர். படத்திலோ கதாநாயகன் ராசா மணமாகாத இளைஞன். காதலி அங்கம்மா ஊரிலேயே நின்றுவிடுகிறாள். இம்மாற்றத்தை நாம் குறைகூறமாட்டோம். இறுதியில் அவளும் மகனோடு, புதிதாய்க் கட்டிவந்த ஆட்களில் ஒருத்தியாய் அதே மலைக்கு வந்து சேர்கையில் ராசா கதறும் கதறல், இம்மாற்றத்தால் விளைந்த பெருந்துயரம். கணக்குத் தீர்க்கும் காட்சியும் அத்தகையதே. உழைத்த கூலியைப் பிடித்தங்கள் விழுங்க, தொழிலாளி மீண்டும் கடனாளியாகிறான். செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு அதைக் காண நெஞ்சு கூசுகிறது. மலாயாவுக்குக் கங்காணி வழியாய் ஆள்கட்டும் முறை 1938-ல் நின்றதென்றாலும், அக்காட்சியை நம் லயத்துப் பெரியவர்களிடம் எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. டாக்டர் விஷயத்துக்கு வருவோம்.

நாவலின் டாக்டர் ஆபிரகாம், தோட்டத்து ஜனங்கள் கொத்துக் கொத்தாய் மடிவதேன் என்று ஆராய்பவர்; அந்நிலையை மாற்றப் பாடுபடுபவர். படத்தில் அவரிடத்தில் நிற்பவர் பரிசுத்தம் என்பார். இவர் நம் நினைவில் தங்குவது வைத்தியத்தால் அன்று. கொள்ளைநோய்க்கு நடுவே மனைவியோடு ஆடிப்பாடி மதம் பரப்பும் பாட்டுக் காட்சியால்.

“மதத்தைக் கேலி செய்தால் உமக்கேன் கசக்கிறது?” என்று சீர்திருத்த அன்பர் சிலர் வினவலாம். கசக்கவில்லை. மருந்தோடு மதத்தையும் கலந்து கொடுப்போர் எம்மதத்தாராயினும் கண்டிக்கத்தக்கவரே. ஆனால் ஆபிரகாமை அகற்றியதால் சாவுக்குக் காரணம் தேடும் ஒரே கண்ணும் அவிந்துபோயிற்று. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆஸ்பத்திரியின் அலட்சியத்தால் வளர்ந்தவை என்னும் உண்மை மங்கி, எல்லாம் விதியின் விளையாட்டுப்போல் ஆகிவிட்டது. விதியைக் காட்டித் துரைமார் தப்புவதற்கு நாமே வழிவிடலாமா?

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் ஊசி பிடிக்கும் டாக்டரும் பேனா பிடிக்கும் கிராணியும் கம்பெனியின் சம்பளத்தையே வாங்குகின்றனர். வாங்கிக்கொண்டே தொழிலாளியின் பக்கம் நிற்கக் கூடுமென்று டேனியல் எழுதிக் காட்டினார். அவரே தோட்டத்து மருத்துவர் என்பதால் அதை வெறுங் கற்பனையென்று தள்ளுவதற்கில்லை. படத்திலோ படித்தவன் என்று வந்த ஒருவனும் வேடிக்கைப் பொருளாய்ப் போனான். நம்போன்ற கிராணிமார்க்கு இது மிக வசதியான படம். எவரும் நம்மை எதுவும் கேட்கப் போவதில்லை.

படம் பார்த்துக் கண்ணீர் வடித்த அன்பர்கள், ஆபிரகாம் வரும் அத்தியாயங்களையேனும் தமிழில் வாங்கிப் படிப்பார்களாக.