ஒரே பானையின் மாவு

எளாவூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கிக் கிழக்கே செல்பவர்க்கு, வயல்கள் முடிந்து உவர்நிலம் தொடங்குமிடத்திலேயே காற்றின் மணம் மாறிவிடும். அதற்கும் அப்பால் பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டை மணல்திட்டு. நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இது. மழைக்காலத்தை ஒட்டிப் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இங்கே கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். மலைப்பொழிவில் ஆண்டவர் வானத்துப் பறவைகளைச் சுட்டிக்காட்டிய பகுதி வாசகமாக வரும் ஞாயிறன்று, இந்த ஏரிக்கரையில் மறையுரை ஆற்றும் குருவுக்கு எடுத்துக்காட்டுத் தேடும் வேலையே இல்லை. ஆலயத்துச் சன்னல் வழியே கையை நீட்டினால் போதும். ஒருமுறை நானும் அப்படித்தான் நீட்டினேன்.

திருப்பலி முடிந்ததும் வலைத்தொழில் செய்யும் முதியவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "சாமி, தப்பா நெனைக்காதீங்க. பறவை விதைக்கறதில்லேன்னு சொன்னீங்க, சரிதான். ஆனா இங்க கூழைக்கடாவும் நாங்களும் ஒரே மீனுக்குத்தானே அலையறோம்? தண்ணி வத்திட்டா அது எழும்பி வேற ஏரிக்குப் போயிடும். நான் எங்க சாமி போவேன்?"

அவருக்கு அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அந்தக் கேள்வியின் உறுத்தலோடுதான், பல ஆண்டுகளுக்கு முன் படித்திருந்த ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க்கரையில்' நாவலை மீண்டும் கையில் எடுத்தேன். 1978இல் வெளிவந்த நூல் அது. இறைவன் உணவளிப்பார் என்ற நம்பிக்கையைப் பற்றிய நாவல் என்று எவரும் அதைச் சொன்னதில்லை. தென்கோடிக் கடற்கரையில் வாழும் கத்தோலிக்க மீனவரின் வறுமையையும் உழைப்பையும் பேசும் சமூக நாவல் என்றே அது அறியப்பட்டிருக்கிறது. எனினும் குருவாக இருந்து படிக்கும்போது, நம்பிக்கையைப் பற்றி நாம் எழுதிக் குவித்துள்ள பக்தி நூல்கள் பலவற்றைவிட இந்நாவல் என்னைக் கூடுதலாகச் சோதித்தது.

ராஜம் கிருஷ்ணன் தம் நாவல்களின் களங்களை நேரில் கண்டு எழுதியவர். படகர்களின் வாழ்வைச் சொல்லும் 'குறிஞ்சித்தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' ஆகியவற்றைப் படித்தவர்கள் இதை அறிவர். மீனவர் வாழ்விலும் அவ்வாறே புகுந்து பார்க்கிறார். கடன், குடி, மீனின் விலையைத் தான் முடிவு செய்ய இயலாத கையறுநிலை, ஆண்கள் கடலுக்குச் சென்றபின் கரையில் பெண்கள் சுமக்கும் பாரம் ஆகிய அனைத்தும் அடங்கிய குரலில் வருகின்றன. இவற்றின் நடுவே ஒரு சொல் முள்ளாக நிற்கிறது: துவி.

துவி என்பது சுறாவின் செட்டை. கிழக்காசிய நாடுகளில் சூப்புக்காக அதை விரும்பி வாங்குவர். ஆகவே மீனின் சதையைவிட அதற்கு விலை மிகுதி. பிடிபட்ட சுறாவின் துவி ஆலயத்துக்குச் சேரவேண்டும் என்பது அக்கரையின் நெடுநாளைய வழக்கம். அதைத் திரட்டும் உரிமை குத்தகைக்கும் விடப்பட்டது. மீன் பாட்டில் ஆலயத்துக்கு ஒரு பங்கு என்ற தெறிப்பு வேறு. இவ்வழக்கத்தை இளைஞர்கள் எதிர்த்துக் கேட்பதும், அதனால் ஊர் பிளவுபடுவதும் நாவலின் இயக்கமாகின்றன.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் நூலை மூடிவிடுவர். திருச்சபையைத் தாக்குகிறார் என்று முடிவு கட்டுவதும் எளிது. நான் அப்படி மூட விரும்பவில்லை. இந்த வழக்கம் எப்படித் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கடல் கொடுத்தது தன் உழைப்பால் மட்டும் வந்ததன்று என்று உணர்ந்த ஒருவன், கிடைத்ததில் சிறந்ததை எடுத்து இறைவன் முன் வைத்திருப்பான். முதற்பலன் காணிக்கை என்று விவிலியம் அறிந்திருப்பது அதுவே. நாள்தோறும் உணவுக்காக இறைவனை நம்பியிருப்பவன் அந்த நம்பிக்கையை வாயால் சொல்வதில்லை; துவியை அறுத்து வைத்துச் சொல்கிறான். ஆனால் அதே துவி குத்தகைக்காரனின் கணக்கில் ஏறும் நாளில், அது நம்பிக்கையின் அடையாளமாக இராமல் நம்பிக்கையின்மேல் விதிக்கப்பட்ட வரியாகிவிடுகிறது. பொருள் ஒன்றுதான். எந்த இடத்தில் அது உருமாறியது?

இக்கேள்விக்கு மறைநூலில் இரு காட்சிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். சாமுவேலின் முதல் நூலில் குரு ஏலியின் புதல்வர்கள் வருகின்றனர். மக்கள் பலியிட்டு இறைச்சியை வேகவைக்கும்போதே குருவின் ஆள் முப்பல் முட்கரண்டியோடு வந்து பானைக்குள் குத்துவான், வந்தது குருவுக்கு. அரசர்களின் முதல் நூலில், பஞ்சகாலத்தில் எலியா சாரிபாத்துக் கைம்பெண்ணிடம் வருகிறார். அவளிடம் இருப்பது பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும். அதில் முதல் அப்பத்தைத் தமக்குத் தருமாறு கேட்கிறார். சற்று நின்று எண்ணிப் பார்த்தால் எலியாவின் கேள்வி ஏலியின் மக்கள் செயலைவிடக் கொடியது. அவர்கள் செல்வரின் கொழுத்த பலியில் குத்தினார்கள். இவரோ சாகப்போகும் ஏழையின் கடைசி உணவில் முதற்பங்கைக் கேட்கிறார். அப்படியிருந்தும் அவர்கள் பழிக்கப்படுகின்றனர், இவர் போற்றப்படுகிறார். புதுமை நிகழ்ந்தது என்பது மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. எலியா அப்பத்தை வாங்கிக்கொண்டு வேறிடம் போகவில்லை. அவளும் அவள் வீட்டாரும் அவரும் அதே மாவை நாள்தோறும் உண்டனர். மாவு தீர்ந்திருந்தால் மூவரும் சேர்ந்தே பசித்திருப்பர். பிறரிடம் இறைவனை நம்பச் சொல்லும் உரிமையை எலியா அந்த ஒரே பானையிலிருந்து பெற்றார்.

'அலைவாய்க்கரையில்' நாவலின் ஊரில் பானைகள் இரண்டாகிவிட்டன. மீன் படாத நாளில் மீனவன் வீட்டு அடுப்பு அவிந்திருக்கும்; குத்தகைப் பணம் முன்னமே வந்துவிட்ட இடத்தில் அடுப்பு எரியும். ஆசிரியர் இதை இறையியலாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறார். நமக்கு அது போதும்.

நாவலில் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்லவேண்டும். ராஜம் கிருஷ்ணன் ஊருக்குள் வருகிறார், குடிசைக்குள் வருகிறார், செபத்துக்குள் வருவதில்லை. ஆலயத்துக்குப் பங்கு தர மறுக்கும் மீனவனும் மரத்தைக் கடலில் தள்ளும் முன் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்கிறான். அச்சமா, பழக்கமா, வேறொன்றா? வெளியிலிருந்து வந்தவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அது அவர் பிழையன்று. கால் நூற்றாண்டுக்குப்பின், உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' நாவலை எழுதியபோதுதான் அந்தக் கதவு உள்ளிருந்து திறந்தது. மரம் கவிழ்ந்து கடலில் மிதக்கும் கோத்ராப்பிள்ளை, சூசை, சிலுவை மூவருக்கும் இடையே பங்கிட மீனும் இல்லை, துவியும் இல்லை. எஞ்சியிருப்பது உயிர் மட்டுமே. மூத்தவர்கள் அதை இளையவனுக்கு விட்டுக்கொடுக்கின்றனர். இறைவன் காப்பார் என்ற நம்பிக்கை அங்கே ஒருவன் மற்றொருவனுக்கு இடம் விடுவதாக உருவெடுக்கிறது. இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு வாசகரை வேண்டுகிறேன். முதலாவது கேட்ட கேள்வியின் மறுபாதியை இரண்டாவது அறிந்திருக்கிறது.

இவற்றோடு ஒப்பிட வேறொரு வகை எழுத்தும் நம் மண்ணிலேயே உண்டு. அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு வாழ்வளித்து, 1951இல் அங்கேயே உயிர்நீத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிரிந்த சபையைச் சேர்ந்தவர். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, இறைவனிடம் மட்டுமே கேட்பது என்பது அவ்வில்லத்தின் கோட்பாடு. 1932இல் வந்த 'கோல்டு கார்டு' முதலிய அவரது நூல்களில், தேவை எழுந்தபோதெல்லாம் உதவி வந்து சேர்ந்த வரலாறு சொல்லப்படுகிறது. அவற்றைப் படிப்பவர் மனம் உருகாமல் இருக்க முடியாது. ஆயினும் ஒரு திறனாய்வாளன் மெல்லக் கேட்கவேண்டியது உண்டு: கேட்காதிருப்பவர் நூல் எழுதும்போது, அந்நூலே கேட்டுவிடுகிறதல்லவா? தொலைநாட்டு வாசகரின் கை அதைப் படித்ததும் பணப்பையை நாடியிருக்கும். இதனால் அவர் நம்பிக்கை பொய்யாகிவிடாது. இறைவன் உணவளிப்பது மனிதக் கை வழியேதான் என்பதை அந்நூல்கள் தம்மை அறியாமலே ஒப்புக்கொள்கின்றன. நம் திருச்சபையில் புனித ஜான் ஜுகன் தோற்றுவித்த ஏழைகளின் சிறிய சகோதரிகள் நேர்மாறான வழியைக் கொண்டனர். முதியோருக்காகக் கூடையோடு தெருவில் இறங்கிக் கேட்டனர். கேட்காத டோனாவூரும் கேட்கும் சகோதரிகளும் இதில் ஒன்றே: தாங்கள் காத்தவர்களோடு அதே கூரையின்கீழ் வாழ்ந்தனர். எலியாவின் பானை இங்கும் இருக்கிறது.

இறைவனுக்குப் பத்துக் கொடுத்தால் நூறாகத் திருப்பித் தருவார் என்று மேடைகளில் முழங்கும் சாட்சிய இலக்கியத்தைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. அதில் 'எனக்கு' என்ற சொல் மட்டுமே இருக்கிறது. ஆண்டவர் கற்பித்த செபத்தில் உணவைக் கேட்கும் இடத்தில் ஒருமை கிடையாது.

அந்தப் பன்மை எப்படி இருக்கும் என்பதைப் பழவேற்காட்டு ஏரியில் கண்ணால் காணலாம். இங்கே 'பாடு' என்றொரு முறை உண்டு. நடுவூர் மாதா குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் பட்டினவ மீனவர், ஏரியில் மீன் மிகுந்த இடங்களை எவரும் தனதாக்கிக்கொள்ளாதபடி சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்கின்றனர். தன் முறை வராதவன், கண்ணெதிரே இறால் துள்ளினாலும், மற்றவன் வலை விரிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். நல்ல இடம் ஒருநாள் உனக்கு, மறுநாள் எனக்கு. சீட்டைக் குறிக்கும் 'கிளேரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் குருகுலத்தாரைக் குறிக்கும் மேலைநாட்டுச் சொல் பிறந்தது என்று குருமடத்தில் படித்தோம். தமிழில் நாம் இன்னும் ஒருபடி மேலே போய், ஆலயத்தைச் சூழ்ந்த இறைமக்கள் கூட்டத்துக்கே 'பங்கு' என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தச் சொல்லை நாள்தோறும் சொல்கிறோம். அதன் பொருள் மட்டும் காதில் விழுவதில்லை.

பாட்டை நான் மிகைப்படுத்திப் புகழவும் கூடாது. அதற்கும் வேலி உண்டு. சீட்டில் பெயர் இருப்பது அம்மரபில் வந்த குடும்பங்களுக்கே. ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியபின் பிற சாதியினரும் வலையோடு ஏரியில் இறங்க, அதனால் பூசல்களும் எழுந்துள்ளன. பனையோலைப் பறியோடு சேற்றுநீரில் குனிந்து கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டிலும் இடமில்லை. 'எங்கள்' என்று செபிக்கும்போது நாம் எதுவரை எண்ணுகிறோம்? துவியைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் கேட்டதை இந்த ஏரியைப் பற்றிக் கேட்க இன்னும் ஒரு நாவல் வரவில்லை. வந்தால், அதில் குருவும் ஒரு பாத்திரமாக இருப்பார். அவர் எந்தப் பானையில் உண்கிறார் என்று ஆசிரியர் பார்க்கத்தான் செய்வார்.

ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும் மாதங்களில் கடல்நீர் உள்ளே வராது. இறாலும் மீனும் குறைந்துபோகும். இந்த ஆண்டின் திருவிழா வரிப் பட்டியல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கூழைக்கடாவைப் பற்றிக் கேட்ட முதியவரின் பெயர் அதில் ஒன்பதாவது. அடைபட்டிருந்த மாதங்களுக்கும் சேர்த்தே அவர் பெயருக்கு நேரே தொகை எழுதப்பட்டிருக்கிறது. பட்டியலின் அடியில் என் கையொப்பமும் இருக்கிறது. அதைப் படிக்காமலேயே இட்டது. பங்குப் பேரவையினரை வரும் ஞாயிறு திருப்பலிக்குப்பின் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.