ஓடுற குவார்ட்டர்பேக் நிலைக்க மாட்டானா?

அமெரிக்கக் கால்பந்து பற்றிப் பேசுகிற எந்த டிவி நிகழ்ச்சியைப் போட்டாலும் பத்து நிமிஷத்துக்குள் இது வந்துவிடும்: "ஓடுற குவார்ட்டர்பேக் ரொம்ப நாள் நிலைக்க மாட்டான்." நானும் இதை நம்பியவன்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, பத்து சீசனுக்கு மேல் ஆடியவர்களை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் பாக்கெட்டில் நின்று எறிபவர்கள். (தன் அணியின் தடுப்பாளர்கள் சுவர் மாதிரி நின்று காக்கும் இடத்துக்குத்தான் பாக்கெட் என்று பெயர்.) சரி, நிரூபித்தாகிவிட்டது என்று மூடிவைத்தேன்.

கோடில் இப்படிச் செய்திருந்தால் ரிவ்யூவிலேயே பிடித்திருப்பார்கள். தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறேன். டாம் பிரேடி 45 வயது வரை, 23 சீசன் ஆடினார். பட்டியலில் இருக்கிறார். 2007 தேர்வில் முதல் ஆளாகப் போய் 2009-க்குப் பிறகு ஆடாத ஜமார்கஸ் ரஸல் இல்லை. 1998-ல் இரண்டாவதாகப் போய் 2001-ல் முடிந்துபோன ரயன் லீஃப் இல்லை. இவர்களும் பாக்கெட்டில் நின்று எறிந்தவர்கள்தானே?

அடுத்தது காயம். ஜோ தைஸ்மனின் கால் 1985-ல் முறிந்தது, அதோடு ஆட்டமும் முடிந்தது. பிரேடியின் முழங்கால் 2008-ன் முதல் ஆட்டத்திலேயே போனது. ஆரன் ராஜர்ஸ் 2023-ல் புது அணிக்காக நாலே நாலு ஆட்டத்துண்டு ஆடியதும் குதிகால் தசைநார் அறுந்தது. மூன்றும் பாக்கெட்டுக்கு உள்ளே அல்லது அதை ஒட்டி நடந்தவை. உடனே "பார்த்தீங்களா, பாக்கெட்தான் ஆபத்து" என்று சொன்னால் அதே தப்பை மறுபக்கம் திருப்பிச் செய்கிறேன் என்று அர்த்தம். எல்லா குவார்ட்டர்பேக்கும் அதிக நேரம் இருப்பது அங்கேதான், அதனால் எண்ணிக்கையும் அங்கேதான் கூடும். எத்தனை ஆட்டத்துண்டுக்கு எத்தனை காயம் என்று வகுத்துப் பார்க்காமல் இரண்டு பக்கமும் வாய் திறக்கக் கூடாது.

ஆனால் அடி விழும் விதத்தை யோசிக்கலாம். பாக்கெட்டில் நிற்பவர் தூரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு காலில் எடையைப் போட்டு எறிகிறார். முதுகுப் பக்கம் வருபவன் கண்ணில் படமாட்டான். ஓடுபவருக்கு எதிராளி தெரிகிறான்; சறுக்கி உட்கார்ந்துவிட்டால் விதிப்படி அவர் மேல் பாயக் கூடாது. எல்லைக்கோட்டைத் தாண்டியும் தப்பிக்கலாம். ரஸல் வில்சன் இப்படி ஓடி ஓடியே 2012 முதல் தொடர்ச்சியாக 149 ஆட்டம் தொடங்கினார். 2021-ல் அவரை உட்கார வைத்தது எறியும்போது அடிபட்ட ஒரு விரல்.

இதற்கு நேர் எதிர் கேம் நியூட்டன். 1,100 முறைக்கு மேல் பந்தோடு ஓடியவர், அதுவும் நடுவில், சறுக்காமல், மோதி. 2015-ல் லீகின் சிறந்த ஆட்டக்காரர். 2021-க்குப் பிறகு ஆடவில்லை. அவரைக் கவிழ்த்ததில் தோள்பட்டைக்குப் பெரிய பங்கு. அந்தத் தோளுக்கு 2016-ல் பட்ட அடிகூட, எதிரணி பிடித்த பந்தைத் துரத்திப் போய்ப் பட்டது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஓட்டமா, பாக்கெட்டா?

ராபர்ட் கிரிஃபின் கதையையும் இப்படித்தான் சுருக்குகிறார்கள். டிசம்பர் 2012-ல் ஓடும்போது முழங்காலில் அடிபட்டது உண்மை. ஆனால் அதே காலோடு ஜனவரியில் பிளேஆஃப் ஆடவிட்டார்கள். கடைசியில் யாரும் தொடாமலே, தப்பாக வந்த பந்தை எட்டிப் பிடிக்கப் போனபோது அந்தக் கால் மடங்கியது. என்னைக் கேட்டால் இது ஓடியதன் குற்றம் இல்லை, உட்கார வைக்காததன் குற்றம்.

இன்னொன்று, யாரை "ஓடுபவர்" என்கிறார்கள் என்பது. அந்த முத்திரை கறுப்பின ஆட்டக்காரர்கள் மேல்தான் சீக்கிரம் விழும். 2018-ல் லமார் ஜாக்ஸனை, நீ எறியாதே, பந்து பிடிக்கப் போ என்று பில் போலியன் மாதிரி அனுபவசாலியே சொன்னார். பிறகு தப்பு என்று ஒத்துக்கொண்டார். முத்திரை விழுந்தவருக்குப் பொறுமை குறைவாகத்தான் கிடைக்கும். அப்புறம் "பாரு, நிலைக்கலை" என்பார்கள்.

ஃபிரான் டார்கென்டனை யாரும் இந்தப் பேச்சில் இழுப்பதே இல்லை. 1961 முதல் 1978 வரை, 18 சீசன். பாக்கெட்டை விட்டு ஓடுவதுதான் அவர் பிழைப்பு; 3,674 கெஜம் ஓடியிருக்கிறார். ஓய்வு பெற்றபோது எறிந்த தூரத்திலும் அவர்தான் முதலிடம், 47,003 கெஜம்.

எனக்கு இப்போது தோன்றுவது வேறு. காயத்தைவிட வயதுதான் ஓடுபவருக்கு வில்லன். கால் வேகம் குறையும்போது கையில் இரண்டாவது தொழில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ராண்டல் கன்னிங்ஹாம் ஓட்டத்துக்குப் பேர் போனவர். 1991-ன் முதல் ஆட்டத்தில் எறியப்போன இடத்தில் முழங்கால் போனது. 1996-ல் ஆடவே இல்லை. 1998-ல், 35 வயதில், மினசோட்டாவுக்காக 34 டச்டவுன் எறிந்தார். அணி 15 வெற்றி, 1 தோல்வி. அந்த வருஷம் அவர் ஓடியது வெறும் 132 கெஜம்.