இருமலும் ஒரு பருவச்சொல்

ஜப்பானியக் கவிதையில் இருமலுக்கு ஒரு பருவம் உண்டு: குளிர்காலம். ஜலதோஷம், முகமூடி, வெந்நீர்ப் பை, கைவெடிப்பு, உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிப் பொம்மென்று ஆகிப்போன உடம்பு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருத்தல் எல்லாமே குளிர்காலத்துக்குரியவை என்று ‘சாய்ஜிகி’ எனப்படும் பருவச்சொல் தொகுப்பில் ஏறியிருக்கின்றன. பனியும் வாடிய புல்வெளியும் உறங்கும் மலையும் இருக்கிற அதே பகுதியில்தான் இவையும் இருக்கின்றன. மேல் கீழ் கிடையாது. நவம்பர் 7, 8 வாக்கில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை ஹைக்கூ எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். எண்பது வயதுக்காரர் புரட்டினால் ஒரு விஷயம் உடனே பிடிபட்டுவிடும். பாதிச் சரக்கு தன் உடம்பிலும் மீதி அடுப்பங்கரையிலும் இருக்கிறது. வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

எழுதி முடித்த பிறகுதான் வெளியே போக வேண்டும். போகிற கூட்டத்துக்குப் பெயர் குக்காய்.

ஹைக்கூவை நாம் அச்சில் சந்தித்தவர்கள். பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். எண்பதுகளில் தமிழ் ஹைக்கூத் தொகுப்புகள் வரத் தொடங்கின. மூன்று வரி வந்து சேர்ந்தது, கூட்டம் கூடவே வரவில்லை. ஆகவே ஹைக்கூ என்றால் தன்னந்தனியே குளக்கரையில் உட்கார்ந்திருக்கும் துறவியின் படம்தான் நம் மனதில் விழுந்திருக்கிறது. ஜப்பானில் அது பெரும்பாலும் கூடி உட்கார்ந்து செய்கிற காரியம். ‘கோமின்கான்’ என்னும் சமூகக் கூடம் ஊர்தோறும் இருக்கிறது. அங்கே ஓர் அறையை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் சேர்வார்கள். ஏறக்குறைய பத்துப் பேரில் மூவர் 65 வயதைக் கடந்துவிட்ட நாடு அது. குக்காயில் அந்த விகிதம் இன்னும் கூடுதல். நரைக்காத தலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். என் ரசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆளுக்கு மூன்றோ ஐந்தோ கவிதை, ஒவ்வொன்றையும் ஒரு நீளச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் போடக்கூடாது. எல்லாச் சீட்டுகளையும் வாங்கி, சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து, திரும்ப எல்லோருக்கும் சமமாகப் பிரித்துத் தருவார்கள். இப்போது ஒவ்வொருவர் கையிலும் யாரோ எழுதிய கவிதைகள். அவற்றை ஒரு பெரிய தாளில் தன் கையெழுத்தில் படியெடுக்க வேண்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்கிற ஏற்பாடு இது. சீட்டில் எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தக்கூடாது, இருக்கிறபடியே எழுத வேண்டும்.

கை நடுங்குகிற ஒருவர் இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். தன் கவிதையை எழுதியபோது இருந்ததைவிட அதிகக் கவனம். தூரிகைப் பேனாவோ பென்சிலோ, ஒரு கோடு கூடினாலும் வேறு எழுத்தாகிவிடும் மொழி. யாரென்று தெரியாத ஒருவருடைய இருமலை, அவருடைய வெந்நீர்ப் பையை, தன் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்கிறார். ஒரு கவிதையை இதைவிட நெருங்கிப் படிக்க வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தாள்களுக்கு எண் போட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். எல்லாத் தாளும் எல்லோர் கையையும் கடந்து போகும். பிடித்ததைக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒன்றுக்குச் சிறப்பிடம் தர வேண்டும். தன் கவிதையைத் தானே எடுக்கக்கூடாது. இந்தக் கட்டம் முழுதும் அறையில் பேச்சு இருக்காது.

பிறகு ஒருவர் எழுந்து, இன்னார் தேர்ந்தவை இவை என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்த கவிதை யாருடையதோ அவர் அந்த நொடியில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். உரக்க, தெளிவாக. குடும்பப் பெயர் வேண்டாம். சொந்தப் பெயரோ, கவிதைக்கென்று வைத்துக்கொண்ட புனைபெயரோ போதும். ஐம்பது வருடமாக இன்னார் வீட்டு அம்மாள், இன்னாருடைய பாட்டி என்றே அழைக்கப்பட்ட ஒருத்தி, நாலு பேர் நடுவில் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்கிறாள். முதியோருக்கான பொழுதுபோக்கு என்று நல்ல மனதோடு நடத்தப்படும் எத்தனையோ நிகழ்ச்சிகளில் கைதட்டல் எல்லோருக்கும் முன்கூட்டியே தயாராக இருக்கும். இங்கே கைதட்டல் கிடையாது. அந்த வரிகள் நன்றாக இருந்ததால் ஒருவர் எடுத்தார், எழுதியவருக்கு வயது எத்தனை என்று அவருக்குத் தெரியாது. இந்தக் கௌரவத்தைக் கருணையால் கொடுத்துவிட முடியாது.

ஒரு பேச்சுக்கு நானே ஒன்றை எழுதி அந்தத் தாளில் போட்டுவிடுகிறேன். பருவச்சொல் முகமூடி.

முகமூடி மாட்டி நடந்தேன்
வேறு யாரோ என்று எண்ணி
குனிந்து வணங்கிப் போனார்

குக்காயில் இதை இரண்டு பேராவது எடுப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ஒருவர் சிரிப்புக்காக எடுப்பார். இன்னொருவர், முகம் தெரிந்திருந்தால் வணங்கியிருக்க மாட்டாரே என்ற அடியோட்டத்துக்காக எடுப்பார். ஆசிரியர் ஸ்தானத்தில் இருப்பவர் இரண்டாவது வரியில் கையை வைப்பார். அது விளக்கம், வாசகர் செய்ய வேண்டிய வேலையை எழுதியவர் செய்துவிட்டார் என்பார். ‘முகமூடி மாட்டிய முதல் நாள், குனிந்து வணங்கிப் போகிறார் அறியாத ஒருவர்’ என்று மாற்றிச் சொல்லிப் பார்ப்பார். இப்போது காரணம் மறைந்துவிட்டது, திகைப்பு மட்டும் மிச்சம். ஒரு வரியை வெட்டியதற்காக எண்பது வயதுக்காரர் தலையைத் தாழ்த்தி நன்றி சொல்வார். வெட்டு வாங்குவதும் ஒரு மரியாதைதான்.

குறையே இல்லாத கூட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆசிரியர் தேர்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் வழக்கம் சங்கங்களில் உண்டு. அவர் எதை எடுப்பார் என்று கணக்குப் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. பேரக்குழந்தையைப் பற்றிய ஹைக்கூ தேறாது என்பது அந்த வட்டாரத்தில் பழமொழி மாதிரி. பாசம் முந்திக்கொண்டு கவிதையை மறைத்துவிடும் என்பது காரணம். தாத்தா பாட்டிகள் நிறைந்த அவையில் பேரனுக்கு இடமில்லை என்ற கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்தப் பரஸ்பரத் தேர்வு முறை 1890-களில் கவிஞர் மசாவோகா ஷிகியின் வட்டத்தில் வேர்பிடித்தது. முதியவர்களால் நிறைந்து நிற்கும் ஒரு கலைக்கு வடிவம் கொடுத்தவர், முதுமையையே பார்க்காதவர். ஷிகி 1902-ல் 34 வயதில் இறந்தார். காசநோய் முதுகெலும்பைத் தின்ன, கடைசி ஆண்டுகளில் டோக்கியோவின் நெகிஷிப் பகுதியில் இருந்த வீட்டில் படுக்கையில் கிடந்தார். அவரால் குக்காய்க்குப் போக முடியாது. குக்காய் அவரிடம் வந்தது. டிசம்பரில் பழைய ஹைக்கூக் கவிஞர் புசோனின் நினைவுநாளுக்கு நண்பர்கள் அந்தச் சிறிய வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வெந்த டர்னிப்பில் மிசோ தடவித் தின்றுகொண்டு கவிதை எழுதினார்கள். 1899 டிசம்பரில் சீடர் கியோஷியின் ஏற்பாட்டில் அவர் அறையின் காகிதக் கதவுகளில் கண்ணாடி பொருத்தப்பட்டது. படுத்தபடியே தோட்டம் தெரிந்தது, குளிர் உள்ளே வரவில்லை. அதன் பிறகு எழுதியவற்றில் பல அந்தக் கண்ணாடி காட்டிய அளவு உலகத்தை வைத்துத்தான். வீட்டோடு முடங்கியவர்களுக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைப்பது கடினம்.

முதுமையின் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் வேண்டுமென்றால் குபோதா மந்தாரோ. நாடகாசிரியர், நாவலாசிரியர், ஹைக்கூ தனக்குப் பக்கத்தொழில்தான் என்று சொல்லிக்கொண்டவர். 1962 டிசம்பரில், 73 வயதில், உடன் வாழ்ந்த பெண்மணியை இழந்தார். அதை அடுத்து நடந்த ஓர் ஆண்டிறுதிக் குக்காயில் எழுதிய கவிதைதான் இன்று அவர் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. பருவச்சொல் யூதோஃபு: கடற்பாசிச் சாற்றில் மெல்லச் சூடாக்கிய டோஃபு. அந்தக் கவிதையில் இறந்தவர் இல்லை, அழுகை இல்லை. சட்டியும் வெள்ளைக் கட்டிகளும் ஆவியும் நம் மனதுக்கு வந்துவிடுகின்றன. துக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. தனியே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்த அளவு அடக்கம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பெயரில்லாத சீட்டில், மற்றவர்கள் படியெடுத்துப் படிக்கப் போகிற தாளுக்கு எழுதும்போது, தன் கதையைச் சொல்லி இரக்கம் கேட்க வழியில்லை. மறு ஆண்டு மே மாதம் அவரும் போய்விட்டார்.

குக்காய்க்கு நடந்துபோக முடிகிற ஊர்களுக்குத்தான் இதுவரை சொன்னது பொருந்தும். வடமேற்குக் கரையில், நீகாதா பக்கம், கூரையை எட்டுகிற பனி. இன்றும் கூரைப்பனியைத் தள்ளும்போது விழுந்து அடிபடுகிறவர்களில் முதியவர்களே அதிகம். அந்தப் பகுதிக்காரர் சுசுகி போகுஷி, ஷியோசாவா என்ற ஊரில் துணி வியாபாரியாக இருந்தவர். பனிக்காலத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி எதோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அச்சேற்ற ஏறக்குறைய 40 வருடம் முயன்றார். ‘ஹொகுஎட்சு செப்பு’வின் முதல் பகுதி 1837-ல் வெளிவந்தபோது அவருக்கு 67 வயது. ‘போகுஷி’யே அவருடைய கவிப்பெயர்தான். மாதக்கணக்கில் வழி அடைபட்டாலும் ஊர் ஊராகக் கடிதமும் கவிதையும் போய் வந்துகொண்டிருந்தன.

தபால் வழிக் குக்காய் இப்போதும் உண்டு. கவிதையை அனுப்பினால் பெயரில்லாத பட்டியல் வீடு தேடி வரும். தேர்வை எழுதி அனுப்பினால் மறு தபாலில் முடிவு, கவிதைக்கு நேரே எழுதியவர் பெயர் அச்சாகி வரும். நடமாட முடியாதவர்களுக்கு இது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் படியெடுக்கிற வேலை போய்விடுகிறது. பெயரை வாயால் சொல்கிற நொடியும் போய்விடுகிறது. என்னைக் கேட்டால், கொஞ்சம் இருமிக்கொண்டாவது கூடத்துக்கே போய்விடலாம். இருமினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நாலு பேர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.