'குழந்தை மனம்' என்று எழுதுமுன்

'தெய்வத்திருமகள்' (2011) படத்தைப் பற்றி எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குவாங்க: "கிருஷ்ணா குழந்தை மனம் கொண்டவர்." பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால், அந்தப் பாராட்டு எதை மறைக்கிறது என்று கொஞ்சம் பாருங்களேன்.

கிருஷ்ணா வளர்ந்த ஆண், திருமணமானவர், நிலாவின் அப்பா. மனைவி பிரசவத்தில் இறந்துவிடுகிறார். அவர்களுடைய இல்வாழ்க்கையைப் படம் ஏறக்குறையத் தொடுவதே இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவரை அன்பான அப்பாவாகக் காட்டும் இயக்குநர் ஏ.எல். விஜய், ஆசையுள்ள கணவராகக் காட்டத் தயங்குகிறார். விக்ரமின் நடிப்பில் உருகும் நாமும் அதைக் கேட்பதில்லை.

2019-இல் திரைக்கு வந்த ராமின் 'பேரன்பு' தயங்கவில்லை. பாப்பாவுக்கு இருப்பது பெருமூளை வாதம். அதுவும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல, தேர்வில் குழப்பிடாதீங்க. ஆனால், சமுதாயம் இரு சாராரையுமே 'என்றும் குழந்தை' என்றுதான் நடத்துகிறது. பருவமடைந்த மகளுக்கும் உடல் சார்ந்த ஆசை உண்டு என்பதை அப்பா அமுதவன் உணர்கிறார், தடுமாறுகிறார். தமிழ்த் திரையில் இது பெரிய நகர்வு. இருந்தாலும் கதையைச் சொல்பவர் அமுதவன்தான். அவளுடைய ஆசையை அவர் கண் வழியாகவே பார்க்கிறோம். பதின்ம வயதிலும் அவள் பெயர் 'பாப்பா'!

சொற்கள் மாறத்தான் செய்கின்றன. சிங்கப்பூரில் 1962-இல் தொடங்கிய மைண்ட்ஸ் அமைப்பின் முதல் ஆங்கிலப் பெயரில் 'குழந்தைகள்' என்ற சொல் இருந்தது. இன்றைய பெயரில் அது இல்லை. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, அவர்கள் மணம் புரியவும் குடும்பம் அமைக்கவும் உரிமை உண்டு என்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதை ஏற்றுள்ளன.

ஆசிரியர்களே, இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. 'குழந்தைதானே' என்று நினைத்தால், அவர்களுக்கு உடலைப் பற்றிச் சொல்லித்தர மாட்டோம். அப்புறம் யாராவது தவறாகத் தொட்டால், அதை நம்மிடம் சொல்ல அவர்களுக்கு வார்த்தை இருக்காது.

மாணவர்களே, அடுத்த முறை "அறிவுசார் குறைபாடுள்ள தந்தை" என்று தொடங்குங்க. பிறகு படத்தின் முடிவுக்கு வாங்க. மகள் தன்னிடம் வந்த பிறகும், அவளுடைய எதிர்காலத்துக்காகக் கிருஷ்ணா அவளைத் தாத்தா வீட்டிலேயே விட்டுச் செல்கிறார். அது ஒரு குழந்தை எடுக்கும் முடிவா? காரணத்தோடு எழுதுங்க.